72,000 பேர் முன்னால் கூசாத மனிதர், ஒரு பேட்டியாளர் முன்னால் வாயை மறைத்தது ஏன்?

மிக்சர்_மணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பதினெட்டு வருஷமாக மெல்லிசைக் குழுக்களுக்கு சவுண்ட் பார்க்கிறேன். திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வருஷத்தில் பாதி ராத்திரி மிக்சர் முன்னால்தான் கழியும். மேடையில் நிற்பவருக்கு உள்ளுக்குள் என்ன ஓடுகிறது என்று கீழே நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் குழுவில் அருமையாகப் பாடுகிற தம்பி ஒருவன் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் என் காதோரம் வந்து, "அண்ணே, மானிட்டர்ல என் குரலை மட்டும் குறைச்சிருங்க" என்பான். மேடையில் பாடுபவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டர். தன் குரல் தன் காதிலேயே திரும்ப விழுவதை அவனால் தாங்க முடியாது. இன்னொரு பாடகி எக்கோவை ஏற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏற்ற ஏற்ற வார்த்தை கலங்கும், ஆனால் அவர் முகம் தெளியும்.

போன வாரம் குவீன் இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி எண்பதுகளில் கொடுத்த பேட்டி ஒன்றைப் பார்த்தேன். பேச்சை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வருகிற நேரத்தில் மேலுதடு பல்லின் மேல் இறங்குகிறது. அது போதாவிட்டால் கை வாய்க்குப் போகிறது. யோசித்துச் செய்வதாகத் தெரியவில்லை, சின்ன வயதிலிருந்து பழகிய கை.

அதே மனிதர்தான் 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில், லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரண இசை நிகழ்ச்சி மேடையில், சுமார் 72,000 பேர் முன்னால் இருபது நிமிஷம் நின்றார். வெள்ளை பனியன், வெளுத்த ஜீன்ஸ், அடிப்பாகம் இல்லாத அந்தப் பாதி மைக் ஸ்டாண்ட். வாயை அகலத் திறந்து ஒரு சுரத்தை நீட்டுகிறார், மைதானம் முழுக்க அதைத் திருப்பிப் பாடுகிறது. அந்த இருபது நிமிஷமும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கை ஒரு தடவைகூட பல்லை மறைக்கப் போகவில்லை.

அவருக்கு வாயில் நான்கு பற்கள் கூடுதல். அவை நெருக்கியதில் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. காசில்லாத காலத்தில் சரி, கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகும் அதைச் சரிசெய்யவில்லை. செய்தால் குரல் மாறிப்போகும் என்று பயந்தார். பல்லை எடுத்தால் வெட்கம் போகும், குரலும் போகலாம். வைத்துக்கொண்டால் குரல் இருக்கும், வெட்கமும் கூடவே இருக்கும். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதுவரை வாழ்ந்தார். எனக்கு இது மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


பேஸ்_குமார் எழுதியது:

அண்ணே, பல்லைவிடப் பெரிய பயம் அவருக்குத் தொண்டையில் இருந்தது என்று நினைக்கிறேன். குரல்நாண்களில் முடிச்சு விழும் தொந்தரவு அவருக்கு உண்டு. 1975 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் சில நிகழ்ச்சிகளை ரத்து செய்யவேண்டி வந்தது. கத்தி வைக்கவும் அவர் ஒப்பவில்லை. ரெக்கார்டிங்கில் எட்டிப் பிடித்த உச்ச சுரங்களை மேடையில் பல இடங்களில் கீழே இறக்கிப் பாடியிருப்பார். ரோஜர் டெய்லர் டிரம்ஸ் அடித்துக்கொண்டே மேல் சுரத்தைத் தாங்கிக்கொள்வார். நேரடி ஒலிப்பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் தெரியும். எங்கே ஏறலாம், எங்கே ஏறக்கூடாது என்று ஒவ்வொரு வரியிலும் கணக்குப் போட்டிருக்கிறார். அத்தனை ஆட்டத்துக்கு நடுவில் அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை அசத்துகிறது.

இன்னொன்று. ஸ்பெயின் நாட்டு ஆபரா பாடகி மொன்செராட் கபாலியே என்றால் அவருக்கு உயிர். இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பமே செய்தார்கள். ஆனால் 1988 அக்டோபர் 8 அன்று பார்சிலோனாவில் இருவரும் மேடையேறியபோது நேரடியாகப் பாடவில்லை, பதிவுக்கு வாயசைத்தார்கள். லைவ் எய்டில் அந்த ஆட்டம் ஆடியவர்! அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று குரல் தடுக்கிவிட்டால் என்ற பயம்தான் காரணம் என்பது என் எண்ணம்.


பல்_டாக்டர்_கோவை எழுதியது:

மணி அண்ணா, என் தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கூடுதலாக முளைக்கும் இந்தப் பற்களை மிகைப்பற்கள் என்போம். ஒன்று இரண்டு அவ்வப்போது பார்ப்போம். நான்கு என்பது அபூர்வம். தாடையில் இடம் அளவானது. நான்கு பேர் கூடுதலாக ஏறினால் பஸ்ஸில் முன்னால் நிற்பவர் படிக்கட்டுக்குத் தள்ளப்படுவது மாதிரி முன்பற்கள் வெளியே வரும். மிகைப்பற்களை எடுத்துவிட்டு இரண்டு வருஷம் கம்பி போட்டால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். சிலருக்குத் தாடையிலும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குரல் மாறுமா? சுரம் பிறப்பது குரல்நாணில். பல்லுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் வாய் என்பது அந்த ஒலி தங்கிப் போகிற அறை. அறையின் அமைப்பு மாறினால் நிறம் சற்று மாறும். ச, ஃப போன்ற ஒலிகள் சில வாரம் தடுமாறும், நாக்கு புது வழியைப் பழகிக்கொள்ளும். 2016ல் ஆஸ்திரியா, செக், சுவீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து அவர் குரலை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர் பேசும் குரலின் சுருதி 117 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. அதாவது இயல்பில் அது கனத்த நடுக்குரல், அதை வைத்துக்கொண்டுதான் மேல்குரலில் பாடினார். நீட்டிப் பாடும்போது அவர் சுரம் மேலும் கீழும் அசைவது (விப்ராட்டோ) நொடிக்கு ஏழு தடவை, மற்ற பாடகர்களைவிட வேகம். கரகரப்பு வேண்டிய இடத்தில், குரல்நாணுக்கு மேலே இருக்கிற, நாம் பேசும்போது பயன்படுத்தாத மடிப்புகளையும் சேர்த்து அதிரவிட்டார் என்று கணித்தார்கள். எல்லாமே தொண்டை வேலை. பல்லை எடுத்திருந்தாலும் அந்தக் குரலில் பெரும்பகுதி அப்படியே இருந்திருக்கும்.

ஆனால் அவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் 'எடுங்கள்' என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். ஒரு நாகஸ்வர வித்வான் என்னிடம் வருவார். முன்பல் ஒன்று ஆடுகிறது. எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்றேன். அவர் பையிலிருந்து சீவாளியை எடுத்து, வாயில் வைத்து, கண்ணாடியில் எனக்குக் காட்டினார். "இது இங்கதான் உக்காரும்மா. நாப்பது வருஷமா இங்கதான். நீங்க அரை நூல் தள்ளி வச்சாலும் எனக்கு ஊதத் தெரியாமப் போயிடும்." அவர் பயந்தது நடந்திருக்குமா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே வேறு சொல்லியது. ஆனால் வாசிக்கிறவர் அவர். பல்லை அசையாமல் கட்டிவைத்து அனுப்பினேன். இரண்டு வருஷமாக அதோடுதான் வாசிக்கிறார்.


நேர்பேச்சு எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிப் பேசவேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். பல் எத்தியிருக்கிற லட்சம் பேர் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பி போடக் காசில்லை, லண்டனில் மாளிகையும் இல்லை. இவருக்கு எல்லாம் இருந்தது.

என் நெஞ்சை உறுத்துவது வேறு. பிறந்தபோது வைத்த பெயர் ஃபரூக் பல்சாரா. பார்சிக் குடும்பம், பூர்வீகம் குஜராத். பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தில். அதைப் பற்றி அவர் வெளியில் பேசியதே அபூர்வம். பல்லைக் கையால் மறைத்தார், ஊரைப் பெயரால் மறைத்தார். இரண்டாவதை ஏன் மறைக்கவேண்டும்? வெளுத்த தோல் இல்லாத ஒரு பையன் ராக் மேடையின் உச்சிக்குப் போகலாம் என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குத் தெம்பாக இருந்திருக்கும்?


மழைக்குருவி எழுதியது:

நேர்பேச்சு அவர்களே, அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சான்சிபார் தீவில் பிறந்த பிள்ளை. எட்டு வயதில் கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பி, அங்கிருந்து பஞ்ச்கனி மலையில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் விட்டார்கள். அம்மா, அப்பா, தங்கை எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். விடுமுறை என்றால் பம்பாயில் உறவினர் வீடு. பள்ளியில் பிள்ளைகள் அவரை 'பக்கி' என்று கூப்பிட்டார்கள். நம் ஊர் வசவு இல்லை அது. எத்துப்பல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லிலிருந்து வந்த பட்டப்பெயர்.

நான் ஏழு வயதில் நீலகிரியில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போனவள். முதல் ராத்திரி இரும்புக் கட்டிலில் படுத்து, என் டிரங்குப் பெட்டியின் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினேன். அதற்குள் இருந்த துணியில் வீட்டு வாசனை இருந்தது. பெட்டியைத் திறந்தால் வாசனை போய்விடும் என்று மூன்று நாள் சீருடையைக்கூட எடுக்கவில்லை. அந்த வயதில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற முடியாது. கழற்றித் தருவதற்கு வீட்டில் ஆள் வேண்டும், வீடோ பக்கத்தில் இல்லை. என்னை 'ஒல்லிக்குச்சி' என்பார்கள். ஐம்பத்தோரு வயதாகிறது, இன்றைக்கும் அரைக்கைச் சட்டை போடமாட்டேன்.

பஞ்ச்கனியில் ஐந்து பையன்கள் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழு நடத்தினார்கள். அதில் அவர் பியானோ வாசித்தார். முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பின்னாளில் உலகமே கேட்ட அந்தத் தொண்டை, பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்து துணைக்குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.


ஹவுன்ஸ்லோ_வாசி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது முப்பது வருடமாக மேற்கு லண்டன். நேர்பேச்சு கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

சான்சிபாரில் 1964 ஜனவரியில் புரட்சி நடந்தது. பல்சாரா குடும்பம் அந்த வருடமே தப்பி இங்கிலாந்துக்கு வந்தது. வந்து இறங்கிய இடம் ஃபெல்தம், ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன வீடுகள் உள்ள ஊர். அவருக்கு அப்போது பதினேழு வயது. ஈலிங் கலைக் கல்லூரியில் படித்தார், இடையில் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார், கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்பு விற்றார். 1968 ஏப்ரலில் ஈனக் பவல் என்ற பிரிட்டிஷ் எம்.பி. பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிரான அந்தப் பேச்சைப் பேசுகிறார். வந்தேறிகளை வெளியே அனுப்பு என்கிற குரல் தெருவுக்கு வருகிறது. எழுபதுகளில் எங்கள் தோல் நிறத்தில் ஒருவர் லண்டனில் இரவு தனியாக நடந்து போவதே பயம் என்று முன்னமே வந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1970ல் குவீன் தொடங்குகிற நேரத்தில்தான் அவர் மெர்க்குரி ஆகிறார்.

அதை ஊரை மறைத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்பா வைத்த பெயரில் பதின்மூன்று எழுத்து. இங்கே முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது நானே அதை மூன்றெழுத்தாக வெட்டினேன். யாரும் வெட்டச் சொல்லவில்லை. தொலைபேசியில் மூன்று தடவை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் களைத்துப் போனேன், அவ்வளவுதான். வீட்டில் அம்மா முழுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஃப்ரெடியின் இறுதிச் சடங்கை நடத்தியது பார்சிக் குருமார். எதைத் தொலைத்தார் என்று சொல்வீர்கள்?


நேர்பேச்சு எழுதியது:

ஹவுன்ஸ்லோ அண்ணா, பெயர் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்தக் காலத்து லண்டனை நான் யோசிக்கவில்லை. மழைக்குருவி அக்கா, உங்கள் பெட்டிப் பூட்டை நினைத்துக்கொண்டே இன்றைக்கு வேலைக்குப் போனேன்.

ஆனால் அவர் தன் நோயை மறைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1987லேயே அவருக்குத் தெரியும். கேட்ட பத்திரிகையாளர்களிடமெல்லாம் இல்லை என்றார். 1991 நவம்பர் 23 அன்று எய்ட்ஸ் என்று அறிக்கை விட்டார், மறுநாள் இறந்துவிட்டார். நான்கு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால், அந்த நோயோடு ஒளிந்து வாழ்ந்த மற்றவர்களுக்கு ஒரு துணையாக இருந்திருக்கும். இது என் உறுதியான கருத்து.


பல்_டாக்டர்_கோவை எழுதியது:

உங்கள் ஆதங்கம் புரிகிறது தம்பி. ஒரு மருத்துவராக எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அன்றைய நிலைமையை நம் ஊரை வைத்தே பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அதற்கப்புறம் பல வருஷம் இந்த நோய் என்றாலே மருத்துவர்கள்கூட கைவைக்கத் தயங்கியதை நான் மாணவியாக இருந்தபோது நேரில் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டு வாசலில் கடைசி மாதங்களில் நிருபர்கள் கேமராவோடு காத்துக் கிடந்தார்கள். பல் தெரியக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் கையை உயர்த்திய மனிதர், இளைத்துப்போன முகத்தை அவர்களுக்கா காட்டுவார்?

அவருடைய கடைசிப் பாடல் படம் 1991 மே மாதம் எடுத்தது. உடம்பு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்று தெரியாமல் இருக்க அதைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். பார்க்கிறபோது எனக்கு முதலில் கண்ணில் படுவது எலும்பு தெரியும் கன்னம் இல்லை. கடைசியில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார் பாருங்கள், அதுதான்.

அவர் இறந்த பிறகு 1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளியில் நினைவு நிகழ்ச்சி நடந்தது. எய்ட்ஸ் ஒழிப்புக்காக அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி இன்றுவரை நடக்கிறது. தாமதம்தான். ஒப்புக்கொள்கிறேன்.


மிக்சர்_மணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வந்து மொத்தமாகப் படித்தேன். தம்பி குமார் சொன்ன அந்த பார்சிலோனா விஷயம் எனக்குப் புதிது.

நான் முதலில் சொன்ன எக்கோ விஷயத்துக்கு இன்னொரு பெரிய ஆள் நினைவுக்கு வந்தார். ஜான் லெனன். பீட்டில்ஸ் குழுவில் அந்தக் குரலுக்காக உலகம் ஏங்கியது. அவருக்கோ தன் குரல் பிடிக்காது. அப்படியே விடாதீர்கள், அதன் மேல் எதையாவது போட்டு மாற்றுங்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் நச்சரிப்பார். குரல் தடித்துக் கேட்க, பாடியதன் மேலேயே இன்னொரு தடவை அச்சு மாறாமல் பாடவேண்டும். அது அவருக்குப் பெரிய தொல்லை. அதனால் 1966ல் லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், ஒரே குரலை இன்னொரு டேப் மிஷினில் ஓடவிட்டு, கண் இமைக்கும் நேரம் பிந்தி முதல் குரலோடு சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். அப்போது லெனனுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அதே வருஷம் ஒரு பாட்டுக்கு, மலையுச்சியில் தலாய் லாமா ஓதுவது மாதிரி தன் குரல் கேட்கவேண்டும் என்றார். ஹாமண்ட் ஆர்கனோடு இணைக்கிற சுழலும் ஸ்பீக்கர் வழியாக அவர் குரலை விட்டார்கள்.

என் மிக்சரில் இன்றைக்கு இருக்கிற டிலே பட்டனைத் திருகும்போதெல்லாம் இதை நினைக்கிறேன். தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காத ஒரு மனிதருக்காகச் செய்த ஏற்பாட்டுக்கு அது உறவுமுறை. எங்கள் பாடகி எக்கோ கேட்பதும் அதே மனசோடுதானோ என்னவோ. இத்தனை நாள் அவர் கேட்கும்போது "வேண்டாம்மா, வார்த்தை கலங்குது" என்று மல்லுக்கட்டுவேன்.


பேஸ்_குமார் எழுதியது:

டோர்ஸ் குழுவின் ஜிம் மோரிசன்கூட ஆரம்பத்தில், 1966 வாக்கில், லாஸ் ஏஞ்சல்ஸில் சின்ன கிளப்பில் பாடும்போது ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். நான் இன்றைக்கும் டிரம்மர் பக்கம் திரும்பித்தான் வாசிக்கிறேன். இதுவரை தாளத்துக்காக என்று சொல்லி வந்தேன்.


ஹவுன்ஸ்லோ_வாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை பேரனோடு ஃபெல்தம் போய் வந்தேன். கிளாட்ஸ்டன் அவென்யூ, 22ஆம் இலக்கம். சாதாரண வீடு, முன்னால் சின்ன முற்றம். 2016 செப்டம்பரில் சுவரில் ஒரு நீலவட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். மேலே ஃப்ரெடி மெர்க்குரி என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஃப்ரெட் பல்சாரா. பிறகுதான் பாடகர், பாடலாசிரியர் என்று வருகிறது.

பேரன் அந்த இரண்டாவது பெயரைக் காட்டி, இது யார் தாத்தா என்று கேட்டான். சொன்னேன். வரும் வழியில் பஸ்ஸில், என்னுடைய முழுப்பெயரையும் சொல்லச் சொன்னான். நான்கு தடவை சொல்லிப் பார்த்தான். 'ழ' மட்டும் இன்னும் வரவில்லை.


நேர்பேச்சு எழுதியது:

அண்ணா, அந்தப் பலகையின் படம் இருந்தால் போடுங்கள். என் பெண்ணுக்குக் காட்டவேண்டும்.


மிக்சர்_மணி எழுதியது:

நேற்று நத்தம் பக்கம் ஒரு கோயில் கொடை. தம்பி வழக்கம்போல வந்தான். "அண்ணே, என் குரலை..." என்று தொடங்குமுன்பே மானிட்டரில் அவன் சேனலைக் கீழே இறக்கிக் காட்டினேன். முன்பெல்லாம் ஏன்டா, என்னடா என்று இரண்டு வார்த்தை கேட்பேன். நேற்று கேட்கவில்லை. அம்மனுக்கு முதல் பாட்டு. எடுத்த எடுப்பிலேயே மேல் பஞ்சமத்தில் போய் நின்றான். அவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.